கல்லீரலில் கொழுப்பு என்றால் இசிஜி எதற்கு?

கொழுப்புக் கல்லீரல் பற்றிச் சென்ற இதழில் பதில் எழுதும்போது, போகிற போக்கில் 'இதயத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்' என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள்தான் இந்த முறை மேஜையை நிறைத்திருக்கின்றன. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, பெயர்களை எடுத்துவிட்டுப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: எனக்கு 46 வயது. வயிற்றுவலிக்காக ஸ்கேன் எடுத்தபோது 'கிரேடு 2 ஃபேட்டி லிவர்' என்று வந்தது. டாக்டர் கல்லீரலுக்கு ஒரு மாத்திரைகூட எழுதவில்லை. பிபி பார்த்தார், இடுப்பைச் சுற்றி டேப் வைத்து அளந்தார், சர்க்கரை, கொலஸ்ட்ரால், இசிஜி என்று எழுதிக் கொடுத்துவிட்டார். வேறு யாருடைய சீட்டாவது எனக்கு மாறி வந்துவிட்டதா?

சீட்டு மாறவில்லை அம்மா, உங்களுக்கு நல்ல டாக்டர் கிடைத்திருக்கிறார்.

கொழுப்புக் கல்லீரல் இருப்பவர்கள் எதனால் இறக்கிறார்கள் என்று நீண்டகாலம் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வுகளில் முதலிடத்தில் வருவது இதய ரத்தநாள நோய்தான். கல்லீரல் செயலிழப்பெல்லாம் அதற்குப் பின்னால்தான். 2021ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு 36 ஆய்வுகளைச் சேர்த்து, சுமார் 58 லட்சம் பேரின் தரவுகளைப் பார்த்தது. கொழுப்புக் கல்லீரல் உள்ளவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் மாதிரியான பாதிப்புகள் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு (சரியாகச் சொன்னால் 1.45). கல்லீரலில் தழும்பு முற்றியவர்களுக்கு அது 2.5 மடங்கு. அதற்கு அடுத்த வருடம் அமெரிக்க இதயச் சங்கமே, கொழுப்புக் கல்லீரலை இதய ஆபத்துக் காரணியாகப் பார்க்க வேண்டும் என்று தனி அறிக்கை வெளியிட்டது.

எங்கோ வலப்பக்கம் விலாவுக்கு அடியில் இருக்கும் உறுப்புக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம் என்றால், ரத்தம்தான் சம்பந்தம். இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தில் கிட்டத்தட்ட கால்வாசி, நிமிடத்துக்குச் சுமார் ஒன்றரை லிட்டர், கல்லீரலுக்குள் போய்த்தான் திரும்புகிறது. ரத்தத்தில் ஓடும் சர்க்கரை, கொழுப்பு, ரத்தத்தை உறையவைக்கும் புரதங்கள் எல்லாவற்றுக்கும் கணக்குப்பிள்ளை கல்லீரல். அதன் செல்களில் 5 சதவீதத்துக்கு மேல் கொழுப்பு ஏறிவிட்டால் அதைக் கொழுப்புக் கல்லீரல் என்கிறோம். ஏறின கொழுப்பை அது சும்மா வைத்துக்கொள்வதில்லை. தாங்க முடியாததைப் பொட்டலம் கட்டி ரத்தத்துக்குள் அனுப்பிவிடுகிறது. அதனால் டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு கூடுகிறது, 'நல்ல கொலஸ்ட்ரால்' எனப்படும் எச்டிஎல் குறைகிறது, 'கெட்ட கொலஸ்ட்ரால்' எனப்படும் எல்டிஎல் துகள்கள் சின்னதாக, அடர்த்தியாக மாறி ரத்தக்குழாயின் உள்சுவருக்குள் எளிதாக நுழைகின்றன. இன்சுலின் சொல்வதையும் கேட்காமல் ராத்திரி முழுக்கச் சர்க்கரையை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கிறது. (ராத்திரி சாப்பிடாமல் படுத்தேனே, காலையில் எப்படிச் சர்க்கரை ஏறியது என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.) கூடவே அழற்சியைத் தூண்டும் பொருட்களும், கட்டிய ரத்தத்தைக் கரைய விடாத பிஏஐ-1 என்ற புரதமும் கூடுகின்றன. அழற்சி குழாய்ச் சுவரைப் புண்ணாக்கும், கொழுப்பு அந்த இடத்தில் படியும், உறையும் தன்மை கடைசியில் வழியை அடைக்கும். மாரடைப்புக்கு வேண்டிய மூன்றும் ஒரே இடத்திலிருந்து சப்ளை ஆகிறது.

அடைப்பு ஒன்று மட்டும் இல்லை. இதயத் தசை விறைத்துப்போய் இரண்டு துடிப்புக்கு நடுவே சரியாகத் தளர முடியாமல் போவது, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற தாறுமாறான துடிப்பு, இவையும் கொழுப்புக் கல்லீரல் உள்ளவர்களிடம் அதிகம் காணப்படுகின்றன. இசிஜி எழுதினதில் இந்தக் கணக்கும் உண்டு.

என்னிடம் ஒருவர் நான்கு வருட ஸ்கேன்களை வரிசையாக ஃபைல் போட்டுக்கொண்டு வந்தார். 'முதல் வருஷம் கிரேடு 1, அப்புறம் 2, அப்புறம் மறுபடி 1, இப்போ 2' என்று மனப்பாடமாகச் சொன்னார். கடைசியாக பிபி எப்போது பார்த்தீர்கள் என்றேன். யோசித்தார், யோசித்தார், ஞாபகம் வரவில்லை. கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்தால் 164/98. பத்து நிமிடம் உட்கார வைத்து மறுபடி பார்த்தேன், 160/96. நான்கு வருடமும் அவர் பார்க்க வேண்டிய எண் அந்த ஃபைலிலேயே இல்லை.

கேள்வி: வயது 54. எல்டிஎல் 168 இருந்ததால் டாக்டர் ஸ்டேட்டின் மாத்திரை கொடுத்தார். மூன்று மாதம் கழித்து எடுத்த டெஸ்டில் எஸ்ஜிபிடி என்ற கல்லீரல் என்சைம் 78 (நார்மல் 40 வரை). ஏற்கெனவே எனக்குக் கொழுப்புக் கல்லீரல். மாத்திரை கல்லீரலை இன்னும் கெடுத்துவிடும் என்று நண்பர்கள் சொன்னதால் நானே நிறுத்திவிட்டேன். சரிதானே?

சரியில்லை. இந்த மாதம் வந்த கடிதங்களில் எனக்கு நிஜமாகவே கவலை தந்தது உங்களுடையதுதான், இதே காரியத்தைச் செய்த இன்னும் ஐந்தாறு பேரும் எழுதியிருக்கிறார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த 78. மாத்திரை ஆரம்பிப்பதற்கு முன்னால் எவ்வளவு இருந்தது? கடிதத்தில் அது இல்லை. கொழுப்புக் கல்லீரல் இருந்தாலே எஸ்ஜிபிடி 50, 60, 70 என்று நிற்பது சாதாரணம். பழைய ரிப்போர்ட்டைத் தேடிப் பாருங்கள், அதிலும் 70ஐ ஒட்டி இருந்தால் மாத்திரைமேல் பழி போட ஒன்றுமே இல்லை. புதிதாக ஏறியிருந்தாலும் நார்மலின் உச்ச வரம்பைப்போல மூன்று மடங்கைத் தாண்டினால்தான், அதுவும் மறுபடி டெஸ்ட் செய்து உறுதியான பிறகுதான், ஸ்டேட்டினை நிறுத்துவதா என்று யோசிப்போம். உங்கள் லேப் கணக்கில் அது 120. நீங்கள் இரண்டு மடங்கைக்கூடத் தொடவில்லை.

அப்புறம் ஸ்டேட்டின் என்ன செய்கிறது என்பது. அது வேலை பார்க்கும் இடமே கல்லீரல்தான். கல்லீரல் செல் தனக்கு வேண்டிய கொலஸ்ட்ராலைத் தானே செய்துகொள்ளாமல் தடுக்கிறது. செல் என்ன செய்யும், வெளியே ரத்தத்தில் ஓடும் எல்டிஎல்லைப் பிடித்து இழுக்கத் தன் மேற்பரப்பில் அதிகம் கைகளை முளைக்க வைக்கிறது. ரத்தத்தில் எல்டிஎல் குறைகிறது. இந்த வேலை ஆரம்பிக்கும்போது என்சைம் லேசாக ஏறுவது சிலருக்கு உண்டு, பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடும். ஸ்டேட்டினால் கல்லீரல் நிஜமாகப் பழுதாவது மிக அபூர்வம். அந்த அளவுக்கு அபூர்வம் என்பதால்தான் 2012ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், ஸ்டேட்டின் சாப்பிடுபவர்களுக்கு மாதாமாதம் என்கிற மாதிரிக் கெடு வைத்துக் கல்லீரல் டெஸ்ட் எடுக்க வேண்டியதில்லை, தொடங்கும் முன் ஒருமுறையும் பிறகு தேவைப்பட்டால் மட்டும் என்று விதியை மாற்றியது.

இன்னொன்று. 2010ல் கிரீஸ் நாட்டு மருத்துவர்கள் தங்கள் இதய நோயாளிகளின் தரவைப் பிரித்துப் பார்த்தார்கள். என்சைம் கொஞ்சம் கூடியிருந்தவர்களை, அதாவது உங்களைப்போன்றவர்களைத் தனியாக எடுத்து, அவர்களில் ஸ்டேட்டின் சாப்பிட்டவர்கள், சாப்பிடாதவர்கள் என்று ஒப்பிட்டார்கள். சாப்பிட்டவர்களுக்கு இதயப் பாதிப்பு குறைந்ததோடு கல்லீரல் என்சைமும் இறங்கியிருந்தது. சாப்பிடாதவர்களுக்கு அது இன்னும் ஏறியிருந்தது. ஒரே ஆய்வை வைத்து எல்லாம் முடிந்தது என்று சொல்ல மாட்டேன், ஆனால் 'கல்லீரலுக்குப் பயந்து நிறுத்தினேன்' என்கிற வாதம் இதற்குமுன் நிற்காது. எல்டிஎல் 39 மில்லிகிராம் குறைந்தால் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்புகள் ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன என்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த சோதனைகளைச் சேர்த்துப் பார்த்துச் சொன்னது. 168லிருந்து 39 போனால் எவ்வளவு, அதுபோல இரண்டு தடவை போனால் எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

யார் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்? கல்லீரல் சுருங்கிப்போய் மஞ்சள் காமாலை, வயிற்றில் நீர் கோத்தல், ரத்த வாந்தி என்று செயலிழப்பு நிலைக்கு வந்தவர்கள். மாத்திரை ஆரம்பித்த பிறகு கண் மஞ்சளாவது, சிறுநீர் அடர்நிறத்தில் போவது, தாங்க முடியாத தசைவலி என்று இருந்தால் யாராக இருந்தாலும் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். நீங்கள் நண்பர்களிடம் கேட்டதை மாத்திரை எழுதியவரிடம் கேட்டிருக்கலாம். இந்த வாரமே போங்கள், நிறுத்தினதை மறைக்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: கிரேடு 1, 2, 3 இதில் எந்த கிரேடு வந்தால் இதயத்துக்கு ஆபத்து?

கிரேடை இவ்வளவு நம்பாதீர்கள். ஸ்கேனில் கல்லீரல் எவ்வளவு வெள்ளையாகத் தெரிகிறது என்பதைப் பார்த்து, ஒருவர் கண்ணால் போடும் மார்க் அது. வேறொருவர் பார்த்தால் ஒன்று கூடலாம், குறையலாம். 20, 30 சதவீதம் கொழுப்பு ஏறிய பிறகுதான் சாதாரண ஸ்கேன் அதைத் தெளிவாகப் பிடிக்கும், அதனால் 'நார்மல்' என்று வந்தாலும் துளியும் கொழுப்பு இல்லை என்று அர்த்தமாகாது. எல்லாவற்றையும்விட, தழும்பு விழுந்திருக்கிறதா என்பதை கிரேடு சொல்லவே சொல்லாது. கிரேடு 1 காரருக்குத் தழும்பு இருக்கலாம், கிரேடு 3 காரருக்கு இல்லாமலும் இருக்கலாம். கல்லீரலுக்கும் சரி இதயத்துக்கும் சரி, தழும்புதான் கணக்கு.

தழும்பைக் கண்டுபிடிக்க முதல் படி ரொம்ப எளிது, கால்குலேட்டர் இருந்தால் போதும். அதற்கு ஃபிப்-4 என்று பெயர். வயதை எஸ்ஜிஓடி (இதுவும் ஒரு கல்லீரல் என்சைம்) எண்ணால் பெருக்கி ஒருபக்கம் வைத்துக்கொள்ளுங்கள். எஸ்ஜிபிடி எண்ணின் வர்க்கமூலத்தைத் தட்டணுக்களின் எண்ணிக்கையால் (ஆயிரக்கணக்கில்) பெருக்கி, முதலில் வைத்ததை இதனால் வகுத்துவிடுங்கள். ஒருவருக்கு வயது 52, எஸ்ஜிஓடி 38, எஸ்ஜிபிடி 49, தட்டணுக்கள் 2 லட்சத்து 10 ஆயிரம் என்று வைத்துக்கொள்வோம். 52ஐ 38ஆல் பெருக்கினால் 1976. 49க்கு வர்க்கமூலம் 7, அதை 210ஆல் பெருக்கினால் 1470. வகுத்தால் 1.34.

1.3க்குக் கீழே வந்தால் முற்றிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு, ஒன்றிரண்டு வருடம் கழித்து மறுபடி பார்க்கலாம். 2.67க்கு மேலே என்றால் கல்லீரல் நிபுணரைப் பார்த்தே ஆக வேண்டும். நடுவில் விழுந்தால் கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் எடுப்பார்கள், அதில் விறைப்பு 8 கிலோபாஸ்கலுக்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் நிம்மதி. மேலே உதாரணத்தில் வந்தவர் மயிரிழையில் நடுப்பகுதிக்குள் வந்துவிட்டதால் அவருக்கு ஃபைப்ரோஸ்கேன் உண்டு. எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி இரண்டுமே அவருக்கு 'கொஞ்சம்தான் கூட' என்று ஒதுக்கிவிடக்கூடிய எண்கள் என்பதைக் கவனியுங்கள். 35 வயதுக்குக் கீழே இந்தக் கணக்கு சரிவராது, 65க்கு மேலே 1.3க்குப் பதில் 2 என்று வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் வயதே எண்ணைத் தூக்கிவிடும்.

கேள்வி: என் ரிப்போர்ட்டில் எம்ஏஎஸ்எல்டி என்று போட்டிருக்கிறது. இது கொழுப்புக் கல்லீரலா, வேறு ஏதாவது புது வியாதியா?

பழைய ஆள்தான், பெயர் புதிது. முன்பு 'மது அல்லாத கொழுப்புக் கல்லீரல்' என்று சொல்லிக்கொண்டிருந்தோம், என்ன இல்லை என்பதை வைத்து ஒரு நோய்க்குப் பெயர். 2023ல் அதை மாற்றி, வளர்சிதை மாற்றக் கோளாறோடு சேர்ந்த கொழுப்புக் கல்லீரல் என்று வைத்தார்கள். இந்தப் பெயரைப் போட வேண்டுமானால் ஐந்தில் ஒன்றாவது இருக்க வேண்டும்: எடை அல்லது இடுப்பளவு கூடுதல், ரத்தத்தில் சர்க்கரை கூடுதல், பிபி 130/85 அல்லது அதற்கு மேல், டிரைகிளிசரைடு 150 அல்லது அதற்கு மேல், எச்டிஎல் குறைவு. இந்த ஐந்தையும் ஒரு இதய மருத்துவரிடம் காட்டிப் பாருங்கள், இது எங்கள் பட்டியலாயிற்றே என்பார்.

கேள்வி: நான் 29 வயது, ஒல்லிதான். எண்ணெய்ப் பண்டம் பக்கமே போவதில்லை. எனக்கு எப்படிக் கொழுப்புக் கல்லீரல்? எனக்கும் மாரடைப்பு பயம் உண்டா?

தம்பி, கல்லீரல் கொழுப்புக்கும் சாப்பிடும் எண்ணெய்க்கும் நீங்கள் நினைக்கிற அளவு நேரடித் தொடர்பு இல்லை. 2005ல் வந்த ஓர் ஆய்வு, கல்லீரலில் சேர்ந்த கொழுப்பு எங்கிருந்து வந்தது என்று அடையாள அணுக்களை வைத்துத் துப்புப் பிடித்தது. 59 சதவீதம் உடம்பில் ஏற்கெனவே இருந்த கொழுப்புத் திசுவிலிருந்து கரைந்து வந்தது. 26 சதவீதத்தைக் கல்லீரல் தானே சர்க்கரை, மாவுச்சத்திலிருந்து செய்துகொண்டது. சாப்பாட்டில் இருந்த கொழுப்பிலிருந்து நேராக வந்தது 15 சதவீதம்தான். எண்ணெயை நிறுத்திவிட்டு இனிப்புக் குளிர்பானத்தைக் கையில் வைத்திருந்தால் தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான், குறிப்பாக அதில் உள்ள ஃபிரக்டோஸ் என்ற சர்க்கரையைக் கொழுப்பாக மாற்றுவதில் கல்லீரல் கெட்டிக்காரன்.

ஒல்லி என்பதும் கண்ணுக்குத் தெரிகிற ஒல்லி. கைகால் மெலிந்து தொப்பை மட்டும் தனியாக இருந்தால், உள்ளே குடலைச் சுற்றியிருக்கும் கொழுப்பு நேராக வாசல் ரத்தக்குழாய் வழியாகக் கல்லீரலுக்குத்தான் போகும். தராசை விட்டுவிட்டு டேப்பை எடுங்கள். இடுப்பளவு உங்கள் உயரத்தில் பாதியைத் தாண்டுகிறதா என்று பாருங்கள்.

இனி மரபணு. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது, அதனால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். 2008ல் பிஎன்பிஎல்ஏ3 என்ற மரபணுவில் ஒரு மாற்றத்தைக் கண்டுபிடித்தார்கள், அது இருப்பவர்களுக்கு எடை கூடாமலேயே கல்லீரலில் கொழுப்பு ஏறுகிறது. 2014ல் டிஎம்6எஸ்எஃப்2 என்று இன்னொன்று. இந்த இரண்டாவது மாற்றம் உள்ளவர்களின் கல்லீரல் கொழுப்பைப் பொட்டலம் கட்டி வெளியே அனுப்பத் தெரியாமல் உள்ளேயே வைத்துக்கொள்கிறது. விளைவு என்ன தெரியுமா? கல்லீரல் கெடுகிறது, தழும்பு விழுகிறது, ஆனால் ரத்தத்தில் கொழுப்பு குறைவு, இதய நோய் ஆபத்தும் மற்றவர்களைவிடக் குறைவு! ஆக, கொழுப்பு கல்லீரலில் உட்கார்ந்திருப்பது கல்லீரலுக்குக் கேடு, அது அங்கிருந்து ரத்தத்துக்குள் கிளம்புவது இதயத்துக்குக் கேடு. கொழுப்புக் கல்லீரல் என்று ஒரே சீட்டு எழுதப்பட்ட இரண்டு பேருக்கு இதய ஆபத்து ஒரே மாதிரி இருக்காது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

இந்த மரபணுவையெல்லாம் டெஸ்ட் செய்து பார்க்க வேண்டியதில்லை. சர்க்கரை, டிரைகிளிசரைடு, எல்டிஎல், பிபி நான்கும் ஒழுங்காக இருந்தால் உங்கள் இதயத்துக்கு இப்போதைக்குப் பயமில்லை, கல்லீரலைக் கவனியுங்கள். நான்கில் ஒன்று தடுமாறினாலும் 29 வயது என்று தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 71 வயது. இதயம் பலவீனம் என்று பல வருடமாக மாத்திரை சாப்பிடுகிறார். இப்போது கால் வீங்குகிறது, சாப்பாடு இறங்கவில்லை, கல்லீரல் டெஸ்டும் மோசமாக வந்திருக்கிறது. அவருக்கும் கொழுப்புக் கல்லீரலா?

டெஸ்டைப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் நீங்கள் சொல்வது பாதை தலைகீழாகப் போகிற கதை மாதிரி இருக்கிறது. கல்லீரலிலிருந்து ரத்தம் வெளியேறும் குழாய்கள் இதயத்தின் வலது அறைக்குச் சற்றுக் கீழேதான் பெரிய சிரையில் சேர்கின்றன. இதயம் முன்னால் தள்ள முடியாமல் திணறினால் ரத்தம் பின்னால் தேங்கும், தேங்குகிற முதல் இடங்களில் ஒன்று கல்லீரல். வீங்கி, வலது விலாவுக்கு அடியில் பாரமாக இருக்கும், பசி போய்விடும். நாட்பட்டுத் தேங்கிய கல்லீரலை வெட்டிப் பார்த்தால் ஜாதிக்காயை நறுக்கியது மாதிரி புள்ளி புள்ளியாக இருக்கும், மருத்துவப் புத்தகத்தில் அதன் பெயரே ஜாதிக்காய்க் கல்லீரல்தான். இதற்குக் கல்லீரல் மருந்து உதவாது. இதயத்தின் சுமையைக் குறைத்து, தேங்கிய நீரை வெளியேற்றினால் கல்லீரல் டெஸ்ட் தானாக இறங்கும்.

தினமும் காலையில், சிறுநீர் கழித்த பிறகு, அப்பாவை எடை பாருங்கள், ஒரு நோட்டில் எழுதுங்கள். மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அது சாப்பாட்டால் வந்த எடை இல்லை, நீர். அன்றைக்கே இதய மருத்துவரைக் கூப்பிடுங்கள். கால் வீக்கத்தோடு இப்போதே இருப்பதால் அடுத்த அப்பாயின்ட்மென்ட்வரை காத்திருக்கவும் வேண்டாம்.

கேள்வி: எடையைக் குறைத்தால் கல்லீரல், இதயம் இரண்டும் சரியாகிவிடுமா? எவ்வளவு குறைக்க வேண்டும்? இப்போது வந்திருக்கும் ஊசியைப் போட்டுக்கொண்டால் போதும் என்கிறார்களே?

80 கிலோ இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 4 கிலோ குறைந்தால் கல்லீரல் கொழுப்பு கண்கூடாக இறங்கும். 6 முதல் 8 கிலோ குறைந்தால் அழற்சி தணியும். 8 கிலோவைத் தாண்டிக் குறைத்து அப்படியே வைத்துக்கொண்டவர்களில் பலருக்குத் தழும்புகூடப் பின்வாங்கியிருக்கிறது. ஆனால் இந்த 8 கிலோவை, அதாவது எடையில் 10 சதவீதத்தைத் தொட்டவர்கள் கொஞ்சம் பேர்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும், அதைத் தொடவில்லை என்று பாதியில் கைவிடுபவர்கள் நிறைய. பட்டினி கிடந்து ஒரே மாதத்தில் குறைக்க வேண்டாம், பித்தப்பையில் கல் வந்து சேரும்.

நடைப்பயிற்சி பற்றி ஒன்று. வாரத்துக்கு 150 நிமிடம், பேச முடிகிற ஆனால் பாட முடியாத வேகத்தில் நடந்தால், எடை ஒரு கிலோகூட இறங்காவிட்டாலும் கல்லீரல் கொழுப்பு குறைகிறது. 'மூன்று மாதமாக நடக்கிறேன், தராசு அசையவே இல்லை' என்று நிறுத்திவிடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்: தராசு காட்டாத இடத்தில் வேலை நடந்துகொண்டிருக்கிறது.

ஊசி விஷயம். எடை குறைக்கும் செமாக்ளூட்டைட் ஊசியை 17,604 பேரிடம் சோதித்த முடிவு 2023ல் வந்தது, எல்லோருமே எடை கூடியவர்கள், இதய ரத்தநாள நோய் இருந்தவர்கள், சர்க்கரை நோய் இல்லாதவர்கள். இதயத்தால் இறப்பது, மாரடைப்பு, பக்கவாதம் இவை மூன்றும் சேர்ந்து 20 சதவீதம் குறைந்தது. 2025ல் அதே மருந்துக்கு, கல்லீரலில் அழற்சியோடு நடுத்தரம் முதல் முற்றிய நிலைவரை தழும்பு இருந்தும் கல்லீரல் சுருங்கிப்போகாதவர்களுக்கும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதற்கு முந்தைய வருடம் அனுமதி பெற்ற ரெஸ்மெடிரோம் மாத்திரையும் அதே வகை நோயாளிகளுக்குத்தான். அதாவது இரண்டுமே கிரேடு 1 என்று ரிப்போர்ட் வந்தவருக்கு எழுதித்தரும் மருந்து இல்லை. குமட்டல், வாந்தி உண்டு, நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்ப வருகிறது. தேவைப்படுகிறவருக்கு நல்ல மருந்து, அவ்வளவுதான்.

பயோகிளிட்டசோன் என்ற சர்க்கரை மாத்திரையையும் கல்லீரல் அழற்சிக்குச் சிலருக்குக் கொடுப்பதுண்டு. கல்லீரலுக்கு நல்லது செய்யும், ஆனால் உடம்பில் நீரைத் தேக்கும், அதனால் இதயம் செயலிழந்தவர்களுக்கு ஆகாது. கல்லீரல் டாக்டர் ஒருவர், இதய டாக்டர் ஒருவர் என்று இரண்டு பேரிடம் காட்டுகிறவர்கள் இருவரின் சீட்டையும் இருவரிடமும் காட்டுவது இதற்காகத்தான்.

கேள்வி: கல்லீரலைச் சுத்தப்படுத்தும் மூலிகை டானிக் குடித்தால் இதயத்துக்கும் நல்லதா?

கல்லீரல்தான் உடம்பைச் சுத்தப்படுத்துகிறது, அதற்கு யாரும் குளிப்பாட்டிவிட வேண்டியதில்லை. என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத மூலிகை மருந்துகளால் கல்லீரல் பழுதாகி வருபவர்களை நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஸ்டேட்டினுக்குப் பயந்து நிறுத்தியவரே இதைத் தைரியமாகக் குடிப்பதுதான் எனக்குப் புரியாத ஒன்று. சர்க்கரை போடாத காபியில் இதைவிட நல்ல பேர் இருக்கிறது, காபி குடிப்பவர்களிடம் கல்லீரல் தழும்பு குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

கேள்வி: கொழுப்புக் கல்லீரல் இருப்பதால் வலது விலா ஓரத்தில் அடிக்கடி ஒரு பாரம். சில நாளாக நெஞ்சு நடுவிலும் அழுத்துகிறது. இரண்டு மாடி ஏறினால் வருகிறது, நின்றால் இரண்டு மூன்று நிமிடத்தில் போய்விடுகிறது. இதுவும் கல்லீரல்தானே? போன மாதம் எடுத்த இசிஜி நார்மல்.

விலா ஓரத்துப் பாரம் கல்லீரலாக இருக்கலாம். இரண்டாவது இல்லை. உழைத்தால் வந்து, நின்றால் போகிற நெஞ்சு அழுத்தம் இதயத்துக்கு ரத்தம் போதவில்லை என்பதன் அடையாளம், வேறு காரணம் நிரூபணமாகும்வரை அப்படித்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். படுக்க வைத்து எடுத்த இசிஜி இதில் நார்மலாக வருவது சகஜம், மாடி ஏறும்போது வருகிற வலியை அது எப்படிப் பிடிக்கும்? மேற்கொண்டு என்ன டெஸ்ட் வேண்டும் என்பதை இதய மருத்துவர் முடிவு செய்யட்டும், அவரைப் பார்க்கும்வரை மாடி ஏறாதீர்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே அழுத்தினாலோ, வியர்த்தாலோ, தாடைக்கோ கைக்கோ பரவினாலோ, நின்றும் போகவில்லை என்றாலோ வீட்டில் படுத்துப் பார்க்க வேண்டாம், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

உங்கள் கடிதம் கைக்குக் கிடைத்த அன்றே தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன். அது வந்து சேர்ந்தும் இன்னும் இதய மருத்துவரிடம் போகவில்லை என்றால், இதைப் படித்து முடித்த கையோடு கிளம்புங்கள்.